இரு பூனைப்பருந்துகளும் ஒரு புல்வெளியும்



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்களில் தென்னையும் மரவள்ளியும் ரப்பரும் அடர்ந்திருப்பதை அவையோர் அறிவர். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் நிலத்தின் தோற்றம் மாறிவிடுகிறது. மழை குறைந்த திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் புல்லும் முட்புதரும் பரந்த வெளிகள் உள்ளன. பனிக்காலத்தில் அவற்றை நாடி வரும் பறவைகளே பூனைப்பருந்துகள்.

அவற்றுள் மாண்டேகு பூனைப்பருந்தும் வெளிறிய பூனைப்பருந்தும் நெருங்கிய உறவின. முன்னது ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரையிலும், பின்னது பெரும்பாலும் ரஷ்யா, கஜகஸ்தான் புல்வெளிகளிலும் இனம் பெருக்குகின்றன. இரண்டும் தரையில் கூடு கட்டுபவை. தாழப் பறந்து வெட்டுக்கிளி, எலி, சிறு பறவைகளைப் பிடிப்பவை. ஆகவே உழவர்க்கு நண்பர்கள் எனலாம்.

ஆண் பறவைகளைப் பிரித்தறிதல் எளிது. மாண்டேகு ஆண் கருஞ்சாம்பல் நிறமுடையது. இறக்கையின் மேற்புறத்தில் ஒரு கரும்பட்டையும், வயிற்றில் செம்பழுப்புக் கோடுகளும் உண்டு. வெளிறிய இனத்து ஆண் ஏறக்குறைய வெண்மையானது. இறக்கை நுனியில் மட்டும் ஒடுங்கிய கருப்பு ஆப்பு வடிவம் காணப்படும். பெண் பறவைகளோ இரண்டிலும் பழுப்பு நிறத்தவை. வாலடியில் வெண்மை கொண்டவை. வெளிறிய இனத்துப் பெண்ணின் கழுத்தில் வெளிர்வளையம் சற்றுத் தெளிவாக இருக்கும். தொலைவில் இதனைக் காண்பது அரிது.

இவ்வேறுபாடு ஏன் முக்கியமானது? உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் வெளிறிய இனம் அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் உள்ளது. மாண்டேகு இனம் அந்நிலையில் இல்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணினால், அரிதான இனத்தின் வீழ்ச்சி மற்றதன் எண்ணிக்கையில் மறைந்துவிடும். இந்தியாவில் பூனைப்பருந்துகள் இரவில் கூடித் தங்கும் இடங்களின் கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வு, 30 ஆண்டுகளில் அவற்றின் தொகை குறைந்துள்ளதாகக் காட்டுகிறது.

இவை இரவில் மரத்தில் அடைவதில்லை. புல்தரையிலேயே கூட்டமாகத் தங்குகின்றன. அப்புல்தரையோ வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெரும்பாலும் ‘தரிசு’ எனப்படுகிறது. தரிசு என்றதும் மரம் நடவோ, மனை பிரிக்கவோ உகந்த வெற்றிடமெனக் கருதுகிறோம். மரம் நடுவதும் நற்செயலே. ஆனால் புல்வெளியில் நட்ட தோப்பு பூனைப்பருந்துக்கு வீடாகாது.

எனவே இத்தகைய நிலத்தின் பயன்பாட்டை மாற்றுமுன், பனிக்கால அந்தி வேளைகளில் பறவைகளைக் கணக்கெடுத்தல் நலம். ஆண்களை இனவாரியாகக் குறிக்கலாம். ஐயத்திற்குரிய பழுப்புப் பறவைகளை ‘இனம் தெளியாதவை’ எனத் தனியே எழுதலாம். அருகிலுள்ள கல்லூரி மாணவர் இதற்குத் துணைபுரியலாம். தரிசு என்னும் சொல் நிலத்தின் தீர்வையைக் கூறுமேயன்றி, அங்கு வாழும் உயிர்களைக் கூறாது.