இம்மி என்னும் எண்

சொற்பொருளை ஆராய்வோர் எண்களின் பக்கம் செல்வது அரிது. இன்று 2,150,400 என்னும் ஒரே எண்ணை எடுத்துக்கொள்வோம். பரவலாக வழங்கும் பழைய வாய்பாட்டின்படி, ஒன்றை இத்தனை கூறாக்கினால் ஒரு கூறு இம்மி. ‘இம்மியும் பிசகாமல்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். வகுப்பறையில் நாமும் ‘மிகச் சிறிய அளவு’ என்று பொருள் கூறி, பல்லாண்டுகள் மாணவரை அனுப்பிவைத்தோம். அது குறைபட்ட விளக்கம் என்பதை ஓய்வுபெற்ற பின்னரே உணர்ந்தோம்.

நம் கீழ்வாய் எண்கள் பெரும்பாலும் பாதி பாதியாக இறங்குபவை: அரை, கால், அரைக்கால், வீசம். மற்றொரு வரிசை மா, அரைமா, காணி, அரைக்காணி என இறங்கி, 320இல் ஒன்றாகிய முந்திரியில் நிற்கும். அந்த முந்திரியையே ஒன்றாகக் கொண்டு மீண்டும் பகுத்தால் கீழரை, கீழ்க்கால் எனத் தொடர்ந்து கீழ்முந்திரி வரும். ‘கீழ்’ என்னும் ஒரு முன்னொட்டு வாய்பாடு முழுவதையும் இரட்டிப்பது மொழியியலார்க்கு விருந்து.

கீழ்முந்திரி 102,400இல் ஒன்று. இவ்வெண் 320இன் வர்க்கம். இதன் பகாக் காரணிகள் இரண்டும் ஐந்துமே. இரண்டு பன்னிரண்டு முறையும் ஐந்து இருமுறையும் வரும். மூன்று இல்லை. இடர் இங்கேதான் தோன்றுகிறது.

உடன்பிறந்தார் மூவர் ஒன்றைப் பகிர்ந்துகொள்வதாகக் கொள்வோம். ஆளுக்கு 106 முந்திரி கொடுத்தால் இரண்டு முந்திரி மிஞ்சும். அவற்றை 640 கீழ்முந்திரியாக்கி, ஆளுக்கு 213 கொடுத்தால் ஒரு கீழ்முந்திரி மிஞ்சும். பாதி பாதியாக எத்துணை முறை பகுத்தாலும் இந்த மிச்சம் ஒழியாது. வாய்பாடோ இவ்விடத்தில் பாதியாக்கும் வழக்கத்தை விட்டு, கீழ்முந்திரியை இருபத்தொன்றாக்குகிறது. இருபத்தொன்று இம்மியில் ஆளுக்கு ஏழு, கணக்கு தீர்ந்தது. எழுவர் பங்குக்கு வந்தாலும் அவ்வாறே: எஞ்சும் நான்கு கீழ்முந்திரி 84 இம்மியாகி, ஆளுக்குப் பன்னிரண்டு சேரும். மூன்றையும் ஏழையும் ஒருங்கே கொணரும் இருபத்தொன்றைத் தற்செயல் எனக் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. வகுத்திகளை எண்ணினாலும் வேறுபாடு விளங்கும்: 102,400க்கு 39, 2,150,400க்கு 156.

இதற்குக் கீழும் படிகள் உண்டு. இம்மியைப் பதினொன்றாக்கினால் மும்மி, அதனை ஏழாக்கினால் அணு, அணுவை ஒன்பதாக்கினால் குணம். குணத்திற்குரிய 1,490,227,200 என்னும் எண்ணை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எவ்வெண்ணும் மீதியின்றி வகுக்கும். பதின்மூன்று வகுக்காது. அதற்குக் கடைசிப் படிவரை காத்திருக்க வேண்டும்; அங்கே ஒரு நுண்மணல் ஆறரைத் தேர்த்துகளாகிறது. ஆறரை என்பது பதின்மூன்றின் பாதி! இடையில் விந்தத்திலிருந்து நாகவிந்தத்துக்கு இறங்குகையில் பதினேழும் வந்துவிடுகிறது. பத்தொன்பதின்மர் பங்கு கேட்டு வந்தால் மட்டும், தேர்த்துகள் வரை இறங்கினாலும் மிச்சம் விழும்.