சீதனக் காணியும் கணவனின் கையெழுத்தும்



அறமும் சட்டமும் நம் வாழ்வை எப்படி நெறிப்படுத்துகின்றன என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் தொலைவுக்குப் போகப்போவதில்லை. இங்கே தொண்டைமானாற்றில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் ஓர் உறுதிக் கட்டு இருக்கும். அதற்குள் தாயின் சீதன உறுதி இருக்கும். இன்றைய பேச்சு அந்த உறுதியைப் பற்றியது.

அதை விரித்துப் பாருங்கள். இத்தனை பரப்புக் காணி, கல்வீடு, பயன்தரு மரங்கள், பங்குக் கிணறு, அதற்குப் போய்வரும் வழிவாய்க்கால் உரிமை. கிழக்கே ஒழுங்கை, வடக்கே பெரியதாயின் காணி என்று நான்கு எல்லைகளும் எழுதியிருக்கும். மணமான பின்னும் அது அவளுடைய சொத்துத்தான். அந்தக் காணியின் செய்கைக்கும் பராமரிப்புக்கும் பட்ட கடன் போன்றவற்றைத் தவிர, கணவனின் கடனுக்கு அது பொறுப்பாகாது. இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை மணமான பெண்ணின் சொத்துப் பெரும்பாலும் கணவன் கைக்கே போனது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான நம்முடைய தேசவழமையோ அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, பரம்பரையாக வந்த முதுசொம், மகளுக்குக் கொடுத்த சீதனம், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டம் என்று மூன்றையும் வேறுவேறாக வைத்துப் பார்த்தது. இதில் நாம் பெருமை கொள்வது நியாயம்.

ஆனால் அந்தத் தாய், தன் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, அதே காணியை மகள் பெயருக்கு எழுத நொத்தாரிசிடம் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்கும் முதற் கேள்விகளில் ஒன்று: "அவர் கையெழுத்து வைப்பாரோ, அம்மா?" 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நகை, பணம் போன்ற அசையும் சொத்தை மணமான பெண் தன் விருப்பப்படி கையாளலாம். காணியை விற்கவும் ஈடு வைக்கவும் நன்கொடையாகக் கொடுக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனோ தன் முதுசொத்தை மனைவியைக் கேளாமலே விற்கலாம்.

அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. மரணசாசனம் எழுதி அந்தக் காணியைத் தான் விரும்பியவருக்குக் கொடுக்க அவளுக்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. இறந்த பிறகு செல்லும் அவளுடைய விருப்பம், உயிரோடு இருக்கும்போது தனித்துச் செல்லாது. இந்த முரணுக்கு ஒரு நியாயம் கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கிடைக்கவில்லை.

கணவனின் சம்மதம் வேண்டும் என்ற இந்த விதி எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் சீமொன்ஸ் 1706இல் கேட்டுக்கொண்டபடி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் நம் வழக்கங்களைத் திரட்டி 1707இல் தேசவழமைத் தொகுப்பாக எழுதிக் கொடுத்தார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு தமிழ் முதலிமார் பார்த்து ஒப்புதல் தந்தபின் நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். கணவனின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவளாகையால் மனைவி அவன் சம்மதமின்றி எதையும் கொடுக்கக் கூடாது என்ற கருத்து அந்தப் பழைய தொகுப்பிலேயே உண்டு. மனைவியின் சீதனத்தை அவள் சம்மதமின்றிக் கணவன் கொடுக்கக் கூடாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஒப்புதல் சொன்ன பன்னிரண்டு பேரும் ஆண்கள். சீதனத்தோடு வாழ்ந்த பெண்களில் ஒருத்தியையாவது கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்தப் பக்கம் வேறுவிதமாக எழுதப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

"வழமையிலே கை வைக்கக் கூடாது" என்று சொல்பவர்களைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்தத் தொகுப்பின் தொடக்கத்தையே காட்ட விரும்புகிறேன். முன்னாளில் தந்தையின் முதுசொம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் போனது என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் அது மாறி, இருபக்கச் சொத்திலிருந்தும் மகளுக்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்தது என்றும் அது சொல்கிறது. வழமை மாறிய கதையோடுதான் அந்த நூல் தொடங்குகிறது. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதற்குள் இருந்தன. இலங்கையில் 1844இல் அடிமைமுறை ஒழிந்தபோது அவை செல்லாமற் போயின. அதனால் தேசவழமை அழிந்துவிட்டதா? 1911இல் மாற்றினோம். 1947இல் தேடியதேட்டம் பற்றிய பிரிவுகளையும், காணியை வாங்குவதில் பங்காளிக்கும் உரித்தாளிக்கும் உள்ள முன்னுரிமையையும் திருத்தினோம். அது இன்றும் நிற்கிறது.

பெரும்பான்மையினரின் அரசு ஒன்றின் கீழே வாழும்போது, நம் சொந்தச் சட்டத்தை நாமே தொட்டால் அது பறிபோய்விடுமோ என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. காணி பறிபோன மக்களுக்கு அந்த அச்சம் வருவது இயல்பு. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்கள் ஆதனக் கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண் தன் காணியைத் தானே கையாளலாம் என்றது. தேசவழமைக்கு உட்பட்ட பெண்ணை அது விலக்கிவைத்தது. காலியிலோ கொழும்பிலோ வாழும் ஒரு சிங்களப் பெண்ணுக்கு நூறு ஆண்டுகளாக உள்ள உரிமை நம் பெண்ணுக்கு இல்லை. வெளியூர்ப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணத்தவரை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை அவளும் இந்தக் கட்டுக்குள் வருகிறாள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் பேசுகிறது. ஆனால் அதற்கு முரணாக இருந்தாலும் பழைய சட்டங்கள் செல்லும் என்று 16ஆம் உறுப்புரை சொல்லிவிடுகிறது. ஆகவே நாடாளுமன்றத் திருத்தமே வழி.

இந்தச் சம்மத விதி நம் ஊர் வாழ்க்கைக்கும் பொருந்தவில்லை. இந்தக் கரையின் ஆண்கள் கடலோடிகள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பும்வரை வீட்டையும் வளவையும் பிள்ளைகளையும் பார்த்தவள் பெண். இன்று கணவன் ரொறன்ரோவில் இருக்கிறான் என்றால், அற்றோணித் தத்துவம் வரும்வரை காத்திருக்கிறாள். அவனாவது பதில் எழுதுவான். 2009இல் போர் முடிவதற்கு முன்னும் பின்னும் காணாமற் போனவரின் மனைவி யாரிடம் சம்மதம் கேட்பது? 2016இலிருந்து காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது காரணமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு அனுமதி பெறலாம் என்று 8ஆம் பிரிவும் சொல்கிறது. வழி உண்டுதான். ஆனால் தன் தாய் தந்த காணியை மகளுக்குக் கொடுக்க, சட்டத்தரணிக்குக் காசு தேடி, தவணை தவணையாக நீதிமன்றம் ஏறி, கணவனைக் காணவில்லை என்பதை அந்நியர் முன்னால் மறுபடியும் சொல்ல வேண்டும். அவளை அப்படி நிறுத்துவது அறமல்ல.

கணவனின் கையெழுத்து ஏமாற்றுக்காரரிடமிருந்து அவளைக் காக்கும் என்று சிலர் சொல்வார்கள். அப்படியானால் ஆணையும் காக்க வேண்டாமா? காணி விற்று ஏமாந்த ஆண்கள் இல்லாத ஊரா இது?

இங்குள்ள சந்நிதி முருகன் கோயிலில் பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் இல்லாமல் பூசை செய்கிறார். அந்த வழமையை ஊர் முழுவதும் மதிக்கிறது. ஏனெனில் அது எவருடைய உரிமையையும் பறிக்கவில்லை. சீதனம் தனிச்சொத்தாக இருப்பதையும், தேடியதேட்டத்தில் மனைவிக்குள்ள பங்கையும், பங்காளியின் முன்னுரிமையையும் அதே மதிப்போடு காப்போம். 6ஆம் பிரிவிலுள்ள அந்தச் சம்மதச் சொற்களை மட்டும் எடுத்துவிடுவோம்.

இங்கே சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். திருத்தத்துக்கான வாசகத்தை எழுதுங்கள், ஒரு பந்திக்கு மேல் வராது. சனசமூக நிலையங்களும் மாதர் சங்கங்களும் அதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இந்தமுறை ஒப்புதல் கேட்கும்போது, உறுதியில் பெயருள்ள பெண்களிடம் முதலில் கேளுங்கள்.