இளமைத் தோற்றமும் இல்லச் செலவும்



உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழகத்தை விட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களில் குடியேறிய நம்மவர், ஆண்டுக்கொரு முறையேனும் ஊருக்குச் சென்று வருவது வழக்கம். அங்கே உறவினர் கேட்கும் முதற் கேள்வி, "சௌக்கியமா?" என்பது. அடுத்த கேள்வி, "ஏன் இப்படி இளைத்துக் கறுத்துக் கிழடு தட்டிப் போய்விட்டாய்?" என்பது. அன்பினால் எழும் கேள்விதான். ஆயினும் அது நெஞ்சில் தைத்துவிடுகிறது. நாற்பத்தைந்து வயதில் அறுபது வயதினர்போலத் தோன்ற எவர்தாம் விரும்புவர்? வேலை தேடிச் செல்பவருக்கும், கடையில் நின்று வாணிகம் செய்பவருக்கும் தோற்றம் என்பது வெறும் ஆடம்பரம் அன்று, பிழைப்போடு தொடர்புடையது.

இந்த ஏக்கத்தை அறிந்தவர்கள் அதனை விலைபேசுகின்றனர். பெருநகரங்களின் தெருக்களிலெல்லாம் அழகுச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. தீயினாலோ விபத்தினாலோ சிதைந்த முகத்தைச் சீர்செய்யும் அறுவை மருத்துவம் மனித குலத்துக்குப் பெருந்தொண்டு. அதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் வயதின் கோடுகளை மறைப்பதற்கென்றே செய்யப்படும் சிகிச்சைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நெற்றிச் சுருக்கத்தைத் தளர்த்த இடும் போட்டுலினம் ஊசியின் பயன் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு மாதங்களே நிற்கும். பிறகு மீண்டும் இட வேண்டும். ஆகவே அது ஒருமுறைச் செலவன்று; வீட்டு வாடகைபோல் தொடர்ந்து வந்து நிற்கும் செலவு. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பி, மீதியில் குடித்தனம் நடத்துபவருக்கு இரண்டாவது வாடகை கட்டுப்படியாகாது.

அப்படியானால் செய்யத் தக்கது யாது? நம் முகத்தில் காணும் முதுமை முழுவதும் ஆண்டுகள் தந்தது அன்று என்பதை முதலில் உணர வேண்டும். அதில் பெரும் பகுதியை வெயிலும், புகையிலையும், பற்களைப் பேணாமையும், உடலை அசைக்காமையும் தருகின்றன. ஆண்டுகளைத் தடுக்க இயலாது. இந்நான்கையும் தடுக்க இயலும். அதற்கு ஆகும் செலவும் மிகச் சொற்பம்.

வெயிலை முதலில் எடுத்துக்கொள்வோம். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒருவருடைய நிழற்படம் வெளியாயிற்று. அவர் 69 வயதினர். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அவருடைய முகத்தின் வலப்பக்கம் வயதுக்கேற்ப இருந்தது. இடப்பக்கமோ தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களோடு, பல ஆண்டுகள் மூத்தவருடையதுபோல் காணப்பட்டது. அந்நாட்டில் ஓட்டுநரின் இருக்கை இடப்புறம், சன்னலும் இடப்புறம். சன்னல் வழியே விழுந்த வெயிலே ஒரு முகத்தை இரண்டு வயதாக்கிவிட்டது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களில் நீண்ட அலையுடைய வகை, சாதாரணக் கண்ணாடியை ஊடுருவித் தோலின் உட்பகுதிவரை சென்று, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு இக்கேடு வலக் கன்னத்தில் நேரும்.

இதைத் தடுக்க முடியுமா என்பதையும் ஆராய்ந்திருக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்னும் ஊரில் 55 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 900 பேரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை நாள்தோறும் வெயில்காப்புக் களிம்பு பூசச் சொன்னார்கள்; மற்றவர்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். நாலரை ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, நாள்தோறும் பூசியவர்களின் தோலில் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. இம்முடிவு 2013-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அவர்கள் வெண்ணிறத்தார், நாம் அவ்வாறு அல்லோம். நம் தோலிலுள்ள கருநிறமி, முன்னோர் நமக்குத் தந்த குடை. அதனால் சுருக்கங்கள் நமக்குச் சற்றுத் தாமதமாகவே வருகின்றன. ஆயினும் அக்குடையிலும் ஓட்டை உண்டு. நம்மவருக்கு வெயிலின் கேடு சுருக்கமாகத் தோன்றுமுன் கன்னத்தில் மங்காகவும், நெற்றியில் திட்டுத் திட்டான கருமையாகவும் தோன்றுகிறது.

வெயிலின் கடுமையை அறியக் கருவி எதுவும் வேண்டா. நம் நிழலே போதும். நிழல் நம் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் வெயில் கடுமையானது; ஒதுங்குக. நிழல் நம்மைவிட நீண்டிருந்தால் அதன் கடுமை குறைவு. சென்னையில் ஆண்டு முழுவதும் நண்பகலில் நிழல் குறுகியே இருக்கும். தில்லியிலோ டிசம்பர் மாத நண்பகலிலும் நிழல் நம்மைவிட நீண்டு கிடக்கும். ஆகையால் அவ்வூரார் குளிர்காலத்தில் மொட்டை மாடியில் அமர்ந்து வெயில் காய்வதில் பெருங்கேடு இல்லை; எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி'யும் கிடைக்கும். அதே தில்லியின் மே, ஜூன் மாத வெயில் வேறு வகை. பெங்களூரில் வாழ்வோர்க்கு ஓர் எச்சரிக்கை: அவ்வூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களின் வன்மையும் கூடும். காற்றின் குளிர்ச்சியை நம்பி ஏமாறலாகாது.

குடையும், முழுக்கைப் பருத்திச் சட்டையும், தலையை மூடிய முந்தானையுமே மிகச் சிக்கனமான காப்பு. களிம்பு வாங்குவதானால் காப்பளவு 30-க்குக் குறையாததாகப் பார்த்து வாங்குக. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல்நீள அளவு வேண்டும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தடவினால் பயனில்லை. அந்த அளவில் பூசினால் சிறு குழாய் விரைவில் தீர்ந்துவிடும். எனவே சிக்கனக் குடும்பத்தார் குடையை முதலாகவும் களிம்பைத் துணையாகவும் கொள்க.

அடுத்து, வறட்சி. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வளர்ந்த தோல், வடநாட்டுக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் வெடிக்கிறது. இல்லாத சுருக்கமும் இருப்பதுபோல் தெரிகிறது. கொதிக்கும் வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதும், சோப்பை அழுந்தத் தேய்ப்பதும் எஞ்சிய எண்ணெய்ப் பசையையும் போக்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் விரைந்து குளித்து, ஈரம் முற்றும் உலருமுன் தேங்காயெண்ணெயோ, பெட்ரோலிய ஜெல்லியோ சிறிதளவு தடவுக. தில்லிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிட்டதே என்று கலங்க வேண்டா. ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அது உறைவது இயல்பு. வெந்நீரில் புட்டியைச் சற்று நேரம் வைத்தால் உருகிவிடும். விலையுயர்ந்த குப்பிகளில் அடைத்து விற்கப்படுபவை பலவும் இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இவ்விடத்தில் ஒரு தீமையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இளமை வேறு, வெளுப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று ஏதோ ஒரு களிம்பை வாங்கி முகத்தில் பூசுவோர் பலர். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்னும் வலிய மருந்து கலந்திருக்கும். முதற் சில வாரங்களில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும். இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பருக்களும் மயிரும் தோன்றும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுவர். இளமையை நாடியவர் முதுமையை விலைகொடுத்து வாங்கிய கதை இது. வேறு சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் இருப்பதுண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனவே உள்ளடக்கமும் தயாரித்தவர் முகவரியும் அச்சிடப்படாத எந்தக் களிம்பையும் முகத்தில் இடாதீர்கள். மங்கு இருப்பின் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லுங்கள்.

மூன்றாவது, புகையிலை. அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் நடைபெறும் இரட்டையர் விழாவுக்கு வந்த ஒத்த இரட்டையர்களை மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, 2013-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஒரே கருவில் பிறந்து ஒரே முகம் படைத்தவர்களில், புகைபிடித்தவருடைய கண்ணின் கீழ்ப் பைகளும் உதட்டைச் சுற்றிய கோடுகளும் மிகுந்து காணப்பட்டன. நம்மவருள் பலர் ஊரில் வெற்றிலை பாக்கோடு நின்றவர்கள். வெளி மாநிலங்களுக்கு வந்தபின் பான் மசாலாவுக்கும் குட்காவுக்கும் பழகிவிட்டனர். பாக்கை இடைவிடாது மெல்லுவதால் கன்னத்தின் உட்சதை நாராக இறுகி, வாயைத் திறக்கவும் இயலாத நோய் உண்டாகிறது; கன்னம் ஒட்டிப்போகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. இப்பழக்கத்தை விடுவதற்குச் செலவில்லை, பணம் மிச்சமாகும்.

நான்காவது, பல். 'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டுமன்று, முகமும் போய்விடுகிறது. பல்லை இழந்த இடத்தில் தாடை எலும்பு நாளடைவில் தேய்கிறது. முகத்தின் கீழ்ப்பகுதி குறுகி, உதடு உள்ளே மடிந்து, மோவாய் மூக்கை நோக்கி எழுகிறது. இம்மாறுதலை எந்தப் பூச்சும் மறைக்காது. ஃபுளூரைடு கலந்த பற்பசையால் காலையும் இரவும் மென்மையாகத் துலக்குக. சொத்தை சிறிதாயிருக்கும்போதே அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றால் சொற்பச் செலவில் அடைத்துவிடுவார்கள். விழுந்த பல்லுக்குப் பதில் எளிய பற்கட்டேனும் அமைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாவது, நடையும் நிமிர்வும். ஒருவர் தூரத்தே வரும்போது நாம் காண்பது அவருடைய சுருக்கங்களை அன்று, நடையைத்தான். நடுவயதுக்குப் பின் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமருங்கள். நாளடைவில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பேருந்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி விரைந்து நடவுங்கள். தசை வளரப் புரதம் வேண்டும். நம் தட்டில் சோறு மிகுதி, பருப்பு குறைவு. வடநாட்டில் மலிவாகக் கிடைக்கும் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கி நாள்தோறும் ஒரு கிண்ணம் உண்பது நம் வழக்கத்துக்கும் ஒத்ததே. முட்டை, மீன், தயிர் உண்பவர்க்கு வழி இன்னும் எளிது.

நரையைப் பற்றி ஒரு சொல். நரை எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் பரம்பரையே முடிவு செய்கிறது. சாயம் இட விரும்புவோர், இடுமுன் சிறிதளவு காதின் பின்புறம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். 'கறுப்பு மருதாணி' என்று விற்கப்படுவதிலும் ஒவ்வாமை தரும் இரசாயனம் கலந்திருப்பதுண்டு. முகம் வீங்கி மருத்துவமனைக்குச் செல்வதைவிட, வெண்மையை ஒழுங்காகக் கத்தரித்துச் சீவிக்கொள்வது சிறப்பு.

புறநானூற்றில் பிசிராந்தையார் என்னும் பாண்டிநாட்டுப் புலவரை, ஆண்டு பல ஆகியும் உமக்கு நரையில்லையே என்று கேட்கின்றனர். அவர் எந்த மூலிகையின் பெயரையும் சொல்லவில்லை. மனைவி மக்களின் பண்பையும், ஏவலரின் ஒத்த உள்ளத்தையும், நெறி தவறாத மன்னனையும், தம் ஊரில் வாழும் சான்றோரையுமே காரணமாகக் காட்டுகிறார். இதை மருத்துவ விதியாகக் கொள்ள வேண்டா. ஆனால் ஊரை விட்டு வந்தவர்கள் எண்ணிப் பார்க்கத் தக்க சொல் இது. புதிய நகரத்தில் நமக்கு ஊர் இல்லை. நாமே ஓர் ஊரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அறைக்குள் தனித்திருந்து, பின்னிரவுவரை கைப்பேசியை நோக்கித் தூக்கம் கெடுபவரின் முகமும், மாலையில் நான்கு பேரோடு நடந்து பேசிச் சிரித்து, வேளையோடு உறங்குபவரின் முகமும் ஒன்றாக இரா.

இறுதியாக ஒன்று. டென்மார்க்கு நாட்டில் எழுபது வயதைக் கடந்த இரட்டையர் 1,826 பேரின் முகங்களைப் பிறருக்குக் காட்டி வயதை மதிப்பிடச் சொன்னார்கள். மூத்தவராகத் தோன்றியவரே பெரும்பாலும் முன்னதாக இறந்தனர் என்று 2009-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாராய்ச்சி கூறுகிறது. முகம் உடலின் நிலையைச் சொல்லும் என்பதே இதன் பொருள். ஆகவே சில மாதங்களுக்குள் முகம் வாடி, எடை குறைந்து, அல்லது வீங்கி, மயிர் கொட்டிச் சோர்வு மிகுமானால், அழகு நிலையத்துக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். இரத்தச் சோகையும், நீரிழிவும், தைராய்டுக் கோளாறும் முதுமை வேடமிட்டு வருவதுண்டு. அரசு மருத்துவமனையில் குறைந்த செலவில் செய்யப்படும் இரத்தச் சோதனை அந்த வேடத்தைக் கலைத்துவிடும்.

ஒரு குடை, ஒரு பற்பசை, ஒரு புட்டி எண்ணெய், ஒரு படி கடலை: இவையே இளமைக்கென மாதக் கணக்கில் எழுத வேண்டிய செலவு. மற்றவற்றுக்கு வேண்டுவது காசு அன்று, கவனம்.