அரிச்சந்திரனை இலண்டனுக்குக் கொண்டுபோனவர்



வன்னிக் கோயில் வீதிகளில் விடிய விடிய மயான காண்டம் பார்த்தவர்கள் நாங்கள். சந்திரமதி புலம்பும்போது கண்கலங்காதவர் யார்? அந்த அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1863இல் இலண்டனிலே அச்சேற்றியவர் சேர் முத்துக்குமாரசுவாமி. அதே ஆண்டில்தான் அவர் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதற்றடவை. வாதாடி வெல்லும் தொழிலுக்குப் புகுந்தவர், பொய்சொல்ல மறுத்து நாடிழந்தவனின் கதையைக் கையிலெடுத்தாரே! எனக்கு அது இன்றும் வியப்பு.

சட்டநிரூபண சபையில் அவர் ஆற்றிய பணியை வரலாற்று ஆசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன். நான் தமிழ் படிப்பிக்கிறவன். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. சைவத் தமிழராகிய அவர், பாளி மொழியிலுள்ள சுத்தநிபாதத்தின் பகுதிகளையும், புத்தரின் புனித தந்தத்தின் வரலாறு கூறும் தாடாவம்சத்தையும் 1874இல் ஆங்கிலமாக்கினார். இந்த நாட்டில், ஒரு தமிழர்! மாணவரைக் கேட்டால், "கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் தகப்பனார்" என்பார்கள். அத்தோடு சரி.

அந்த உறவும் நீடிக்கவில்லை. ஆங்கிலேயரான மனைவியும் குழந்தையும் இங்கிலாந்து போய்விட்டனர். பின்னால் கப்பலேற இருந்தவர், 1879இல், 45 வயதில் கொழும்பிலேயே கண்மூடினார். மகனுக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை.