தோல் தொல்லைகளுக்கு எண்ணெயும் தைலமும்

(பண்ணை மகளிர் பயிற்சியில் மனையியல் விரிவாக்கப் பேராசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நாம் சேற்றில் கால் வைத்தால்தான் நாட்டார் சோற்றில் கை வைக்க முடியும் என்பார்கள். அந்தக் காலும் கையும் படும் பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. நடவு முடிந்தால் சேற்றுப்புண். கோடை வந்தால் பித்த வெடிப்பு. களை எடுத்தால் கையில் அரிப்பு. முந்திரிக்கொட்டை உடைத்தால் விரல் நுனியெல்லாம் கருத்துத் தோல் உரிகிறது. இவற்றுக்கு நம் வீட்டு எண்ணெய்களும், நறுமணப் பயிர்களிலிருந்து எடுக்கும் தைலங்களும் எந்த அளவுக்கு உதவும், எங்கே உதவாது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

எண்ணெய் வேறு, தைலம் வேறு

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய் ஆகியவை வித்துக்களை ஆட்டி எடுப்பவை. தோலின் மேல் தங்கி, ஈரம் வெளியேறாமல் காப்பது இவற்றின் வேலை. எலுமிச்சைப்புல் எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் போன்றவை இலையையோ புல்லையோ நீராவியில் காய்ச்சி வடித்து எடுப்பவை. திறந்து வைத்தால் ஆவியாகிவிடும். ஏறத்தாழ நூறு கிலோ பசும்புல்லைக் காய்ச்சினால் அரைக்கிலோ அளவுக்கே எலுமிச்சைப்புல் எண்ணெய் கிடைக்கும். அதில் 70 முதல் 80 சதம் வரை சிட்ரால் என்ற ஒரே பொருள். இவ்வளவு செறிவுள்ள ஒன்றை அப்படியே தோலில் தடவினால் எரிச்சலும் கொப்புளமும் வருவதில் வியப்பில்லை. மிளகாய் வற்றல் குழம்புக்கு நல்லது என்பதற்காக அதை அள்ளி வாயில் போட்டுக்கொள்வதில்லை அல்லவா?

ஆகவே முதல் விதி: தைலத்தை வித்து எண்ணெயில் கலக்காமல் தோலில் தடவக் கூடாது.

கலக்கும் அளவு

ஒரு மில்லி தைலம் என்பது ஏறக்குறைய 20 சொட்டு. 100 மில்லி தேங்காயெண்ணெயில் 20 சொட்டு யூகலிப்டஸ் தைலம் சேர்த்தால் அது ஒரு சதக் கலவை. பெரியவர்களுக்கு இது போதும். எலுமிச்சைப்புல் எண்ணெய் காரம் மிகுந்தது. ஆகவே 100 மில்லிக்கு 10 சொட்டுக்கு மேல் வேண்டாம். முகம், கண்ணைச் சுற்றிய இடம், மறைவிடங்கள், திறந்த புண் ஆகியவற்றில் தைலக் கலவையே வேண்டாம்.

புதிய கலவை எதுவானாலும், முழங்கையின் உட்புறத்தில் காலணா அளவு தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் அது உங்களுக்கு ஆகாது. பழைய தைலம் காற்றுப்பட்டு மாறி, ஒவ்வாமையை மேலும் தூண்டும். நிறமுள்ள சிறு புட்டியில் இறுக மூடி, நிழலில் வையுங்கள்.

பித்த வெடிப்புக்கு ஒரு களிம்பு

நல்லெண்ணெய் 100 மில்லி, தேன்மெழுகு 20 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, அதனுள் சிறு கிண்ணத்தை வைத்து மெழுகை எண்ணெயில் உருக்குங்கள். நேரடியாகத் தீயில் வைக்காதீர்கள். இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பின், விரும்பினால் 20 சொட்டு யூகலிப்டஸ் தைலம் சேர்க்கலாம். தைலம் எளிதில் தீப்பற்றக் கூடியதால் அடுப்பருகே அதைத் திறக்க வேண்டாம்.

இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் ஊறவைத்து, துடைத்து, ஈரம் முற்றும் காயுமுன் களிம்பைத் தடவிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் படுங்கள். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் தைலம் சேர்க்காத களிம்பே போதும். இங்கே குணம் தருவது பெரும்பாலும் எண்ணெயும் மெழுகுமே. தைலம் மணத்துக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்து விற்க நினைக்கும் மகளிர் குழுக்களுக்கு ஒரு சொல்: வீட்டுக்குச் செய்வது வேறு, விற்பது வேறு. விற்பனைக்கு உரிமம் பெற வேண்டும்.

மற்றத் தொல்லைகள்

சேற்றுப்புண்: வயலில் இறங்குமுன் விரல் இடுக்குகளில் வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவினால் நீர் ஓரளவு தடைபடும். கரையேறியதும் கழுவி, விரல் இடுக்கைத் துணியால் நன்றாகத் துடைப்பதே பாதி மருத்துவம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் சிறு புண்ணானாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

முந்திரிப் பால்: முந்திரி ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிக்கும். உடைக்குமுன் கையில் விளக்கெண்ணெயைப் பூசிக்கொள்ளும் பழக்கம் நல்லதே. கையுறை அதனினும் நல்லது.

பார்த்தீனியம்: இந்தச் செடி பட்டு வரும் அரிப்புக்கு எந்தத் தைலமும் தடவ வேண்டாம், அரிப்பு கூடும். சோப்புப் போட்டுக் கழுவி, வெறும் தேங்காயெண்ணெய் தடவலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்தியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. செடியைப் பூக்குமுன் கையுறையணிந்து பிடுங்குங்கள்.

சொறி சிரங்கு: இது கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிலந்தியினப் பூச்சியால் வருவது. இரவில் அரிப்பு கூடும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி 814 பேரிடம் செய்த முன்னோட்ட ஆய்வு ஒன்று 1992இல் வெளியாயிற்று. அவர்களில் 97 சதம் பேர் 3 முதல் 15 நாட்களில் குணமடைந்ததாக அதில் கண்டார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் முன்னோட்டம் முன்னோட்டமே. சுகாதார நிலையத்தில் இதற்குத் தீர்ந்த மருந்து இருக்கிறது. எதைப் பூசினாலும், வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூசி, துணி, படுக்கை விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடாவிட்டால் சிரங்கு திரும்ப வரும்.

படர்தாமரை: எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சாணத்தை அடக்குவது உண்மை. தட்டில் அடங்குவதெல்லாம் தோலில் அடங்கிவிடாது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் அரிப்பைத் தணித்து, பிறகு நோயைப் பரப்பிவிடும்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு

யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் சிறிதளவு உள்ளே போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். சளிக்கு என்று வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் மூளை பாதிக்கப்பட்டு இறந்ததுண்டு. தைலப் புட்டியைப் பூச்சிமருந்துப் புட்டி போலவே எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ தைலம் தடவ வேண்டாம்.

என் அக்காளின் கை

முடிக்குமுன் என் வீட்டுச் செய்தி ஒன்று. என் அக்காளின் முன்கையில் வெளிறிய தேமல் ஒன்று வந்தது. அரிப்பில்லை, வலியில்லை. ஆகவே யாரும் பொருட்படுத்தவில்லை. அம்மா வேப்பெண்ணெயைத் தடவினார். பக்கத்து வீட்டார் சொன்ன தைலத்தையும் தடவினார். இப்படி ஒன்றரை ஆண்டு போயிற்று. ஒரு நாள் அடுப்பில் சூடுபட்டுக் கை கொப்புளித்தும் அக்காளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் மருத்துவரிடம் போனோம். அது தொழுநோய். மாத்திரையில் நோய் முற்றிலும் தீர்ந்தது. ஆனால் மடங்கிய சுண்டுவிரல் இன்றும் நிமிரவில்லை. நாற்றுக் கட்டும்போது அவர் அந்த விரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொள்வார்.

முன்னாளில் தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெயைத்தான் உலகெங்கும் கொடுத்தார்கள். வேறு வழியில்லாத காலம் அது. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று அம்மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். எண்ணெயை நம்பி அன்று காத்திருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் காத்திருந்ததற்குச் சாக்கு இல்லை.

ஆகவே, வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் உடம்பிலும் பிள்ளைகள் உடம்பிலும் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கண்ணை மூடச் சொல்லி ஒரு கோழியிறகால் அந்த இடத்தைத் தொடுங்கள். தொட்டது தெரியாவிட்டால் எண்ணெய்ப் புட்டியை மூடிவிட்டு மறுநாள் காலையிலேயே சுகாதார நிலையத்துக்குப் புறப்படுங்கள். தொட்டது தெரிந்தாலும், தேமல் மறையாமல் நின்றால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

வறண்ட தோலுக்கும் வெடித்த காலுக்கும் நம் எண்ணெய்கள் நல்ல துணை. மரத்துப்போன தோலுக்கு எண்ணெய் மருந்தல்ல. இந்த வேறுபாட்டை இங்கு வராத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.