கொல்லும் பூச்சும் பிடிவிடும் பூச்சும்



கப்பலின் அடிப்புறத்தில் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் படிந்தால் நீரின் உராய்வு மிகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். அதனைத் தவிர்க்கப் பூசுவன அனைத்தையும் 'உயிர்ப்படிவுத் தடுப்புப் பூச்சு' என்னும் ஒரே பெயரால் குறிக்கிறோம். அப்பெயர் ஒரு வேறுபாட்டை மறைக்கிறது.

1970களில் வழக்கிற்கு வந்த டிரைபியூட்டைல்டின் பாலிமர்ப் பூச்சு, கடல்நீர் பட்டுச் சிறிதுசிறிதாகக் கரைந்து நஞ்சை வெளியிட்டது. ஒட்ட வந்த உயிர்கள் மாண்டன, ஒட்டாதனவும் கெட்டன. பிரான்சின் ஆர்க்கசோன் விரிகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன. வேறு கரைகளில் பெண் நத்தைகளுக்கு ஆணுறுப்பு வளர்ந்தது. 2001இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து அதனை விலக்கியது.

நஞ்சு கலவாத சிலிக்கோன் பூச்சு கொல்வதில்லை. அதன் வழவழப்பிலும் நெகிழ்விலும் உயிரிகளின் பிடி உறுதிப்படாது. கப்பல் விரைகையில் நீரோட்டமே அவற்றைக் களைந்துவிடும். நெடுநாள் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு அதன் பயன் குறைவு.

ஆதலின், முன்னதை 'நச்சுப் பூச்சு' என்றும் பின்னதைப் 'பிடிவிடு பூச்சு' என்றும் வழங்கப் பரிந்துரைக்கிறேன். 'தடுப்பு' என்பது பயனை மட்டும் கூறும். அப்பயன் எவ்வாறு விளைகிறது என்பதைக் கூறாது. கப்பல்கள் ஓயாது வந்துபோகும் சிங்கப்பூரில் இவ்வேறுபாட்டை நம் மாணவர் தமிழிலேயே அறிதல் வேண்டும்.