பாடுபடும் பெற்றோரும் பண்டிகை நாட்களும்



பண்டிகை என்றால் யாவருக்கும் சந்தோஷம் என்று சொல்வது வழக்கம். ஆனால் கிராமங்களில் அநேக குடும்பங்களுக்கு அது பாதி சந்தோஷமும் பாதி கவலையுமாகவே வந்து சேருகின்றது. ஐப்பசி பிறந்தவுடன் குழந்தைகள் நாட்களை எண்ணத் தொடங்குகிறார்கள். தகப்பனார் கையிலுள்ள ரூபாயை எண்ணத் தொடங்குகிறார். தாயாருக்கோ எதையும் எண்ணிப் பார்க்கவே அவகாசமில்லை. நடவுக்கோ, களையெடுப்புக்கோ, நூல் ஆலைக்கோ, பனியன் கம்பெனிக்கோ விடியுமுன் புறப்பட்டு, விளக்கு வைத்தபின் வீடு திரும்புகிறவளுக்குப் பண்டிகை என்பது ஓய்வு நாளன்று. அடுப்படியில் மற்றொரு நாள் வேலை. ஆகையால், கையில் பணமும் குறைவு, பொழுதும் குறைவு என்னும் நிலையிலுள்ள பெற்றோர், கடன்படாமலும் களைத்துப் போகாமலும், குழந்தைகளோடு பண்டிகையைக் கொண்டாடும் வழி யாது என்பதே இன்று ஆராய வேண்டிய விஷயம்.

முதலில் கடனைப் பற்றிக் கூறவேண்டும். குடியானவனுடைய கடன் புதிய வியாதியன்று. சென்னை மாகாணத்தில் விவசாய பாங்குகளை ஏற்படுத்துவதைக் குறித்து பிரெடரிக் நிக்கல்ஸன் விரிவான அறிக்கை எழுதியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். அதன்பின் 1904-ல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் வந்தது. 1935-ல் சத்தியநாதன் விவசாயக் கடன் நிலைமையை விசாரித்து அறிக்கை சமர்ப்பித்தார். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. கந்துவட்டியைத் தடுப்பதற்கென்று தமிழ்நாட்டில் 2003-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இவ்வளவும் வந்த பின்னும் தீபாவளிக்கு முந்தின வாரத்தில் அடகுக் கடை வாசலில் கூட்டம் குறையவில்லை. அநியாய வட்டி வாங்குகிறவனைச் சட்டம் தண்டிக்கலாம். ஆனால் கடன் கேட்டு நீளும் கையை அடக்குவதற்கு வீட்டிலேதான் ஏற்பாடு செய்யவேண்டும்.

ஒரு குடித்தனத்தை உதாரணமாகக் கொண்டு பார்க்கலாம். கணவர் கொத்தனாருக்குச் சித்தாள், மனைவி கடலை ஆயும் கூலிக்குப் போகிறவள், இரண்டு குழந்தைகள். தீபாவளிக்காக மனைவியின் தோட்டைக் கழற்றிக் கொடுத்து, தெரிந்தவரிடம் 10,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளலாம். மூன்று வட்டியாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். அப்படியானால் மாதம் 300 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் 3,600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதல் அப்படியே நிற்கும்; தோடும் திரும்பாது. அடுத்த தீபாவளியும் வந்துவிடும். வாங்கிய பட்டாசு ஒரு மணி நேரத்தில் கரியாய்ப் போயிற்று. பட்சணம் நான்கு நாளில் தீர்ந்தது. வட்டி மாத்திரம் வருஷம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து உண்டுகொண்டிருக்கின்றது.

இதே குடும்பம் தினம் 10 ரூபாய் உண்டியலில் போட்டு வந்தால் வருஷத்தில் 3,650 ரூபாய் சேரும். அதாவது வட்டியாகக் கொடுத்த தொகையைக் கொண்டே ஒரு பண்டிகையை நடத்திவிடலாம். உண்டியல் உடைந்துபோகும் என்ற பயமிருந்தால் தபாலாபீஸிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, மகளிர் சுய உதவிக் குழுவிலோ மாதாமாதம் கட்டலாம். தீபாவளிச் சீட்டு என்று தெருவில் பிடிக்கிறவர்களிடம் கட்டுவதானால், அது பதிவு பெற்றதா என்று விசாரித்த பின்னரே கட்டவேண்டும். சீட்டு நிறுவனங்களுக்கென்று 1982-ம் வருஷத்துச் சட்டம் உண்டு. பதிவில்லாதவர் ஐப்பசி மாதத்தில் ஊரைவிட்டுப் போய்விட்டால், பணமும் இல்லை, பண்டிகையும் இல்லை.

நிற்க. செலவைக் குறைத்தால் பண்டிகை களையிழந்து போகுமே என்று சிலர் அஞ்சுவதுண்டு. வளர்ந்த மனிதர் எவரையாவது அழைத்து, சிறு வயதில் கொண்டாடிய பண்டிகைகளில் நினைவில் நிற்பது எது என்று கேட்டுப் பார்க்கலாம். சட்டையின் விலையை அவர் சொல்ல மாட்டார். பாட்டி தலையில் எண்ணெய் வைத்ததையும், தகப்பனார் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனதையும், அண்ணன் தம்பிகள் ஒரே தட்டிலிருந்து உண்டதையுமே சொல்லுவார். குழந்தைக்கு வேண்டுவது பெற்றோருடைய பொழுது. அந்தப் பொழுதை மிச்சப்படுத்திக் கொடுப்பதே பண்டிகை ஏற்பாட்டின் முதல் நோக்கமாக இருக்கவேண்டும்.

இந்நோக்கத்துக்கு உதவியாக வருஷத்தின் பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்ளலாம்.

சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி செய்வது வழக்கம். வேப்பம்பூ மரத்தடியில் உதிர்ந்து கிடக்கின்றது. ஒரு மாங்காயும் சிறிது வெல்லமும் இருந்தால் போதும். பூவைப் பொறுக்கி வரும் வேலையைக் குழந்தைகளிடம் விடலாம். கசப்பும் புளிப்பும் இனிப்பும் சேர்ந்ததே வாழ்க்கை என்பதைத் தாயார் அன்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், பிரசங்கம் வேண்டியதில்லை.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்டு மாதம் 2 அல்லது 3-ந் தேதியில் வரும். புளியோதரை, எலுமிச்சம்பழச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு நீர்க்கரையில் உண்பது இதன் சிறப்பு. நான்கையும் ஒரே வீட்டில் செய்தால் தாயாருக்கு இடுப்பு ஒடிந்துபோம். நான்கு வீட்டார் சேர்ந்து, வீட்டுக்கு ஒரு சாதமாகச் செய்து பகிர்ந்து கொண்டால், வேலை கால் பங்கு. விருந்து முழுப் பங்கு. காவிரிக் கரையூர்களில் சிறுவர்கள் சப்பரம் இழுத்துச் செல்வது பழைய வழக்கம். பழைய அட்டைப் பெட்டியையும் மூங்கில் குச்சியையும் வர்ணக் காகிதத்தையும் கொண்டு தகப்பனார் ஒரு மாலையில் அதைச் செய்து கொடுத்துவிடலாம். அது புதுவெள்ளக் காலமாகையால், குழந்தைகளைத் தனியே தண்ணீரில் இறங்கவிடுதல் ஆகாது. பெரியவர் ஒருவர் கரையில் அதற்கென்றே நிற்கவேண்டும்.

தீபாவளியே செலவு மிகுந்த பண்டிகை. இதில் செலவில்லாத பகுதிதான் மிகச் சிறந்த பகுதி. அதாவது எண்ணெய் ஸ்நானம். அன்று விடியற்காலையில் குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலையைத் தகப்பனார் ஏற்றுக்கொள்வாரானால், தாயாருக்கு அரைமணி நேரம் மிச்சமாகும். குழந்தைகளுக்கும் அது புதுமையாக இருக்கும். பட்சணம் ஐந்து வகை வேண்டியதில்லை. ஒரு இனிப்பும் ஒரு காரமும் போதும். அவற்றையும் பக்கத்து வீட்டாரோடு கூடி இரண்டு நாள் முன்னதாகவே செய்து வைத்துவிடலாம். துணி எடுப்பதில் பள்ளிக்கூடத்துக்கும் உடுத்தக்கூடிய பருத்தித் துணியாக எடுத்தால் இரண்டு செலவு ஒன்றாகும். 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கைத்தறிக் கூட்டுறவுக் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடி கிடைக்கும். கொடுக்கும் காசு நெசவாளர் வீட்டுப் பண்டிகைக்கும் உதவும்.

பட்டாசு விஷயத்தில் அளவும் ஜாக்கிரதையும் வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்தைக் குறுக்கியது. அதையொட்டித் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என்று நேரம் குறிக்கப்பட்டது. இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. தெருவிலுள்ள நான்கு வீட்டார் சிறிது சிறிதாக வாங்கியதை ஒரே இடத்தில், ஒரே வேளையில் கொளுத்தினால், ஒவ்வொரு குழந்தையும் நான்கு வீட்டுப் பட்டாசைப் பார்த்த திருப்தி அடையும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கவேண்டும். கொளுத்துகிறவர்கள் பருத்தித் துணி உடுத்திச் செருப்பும் அணிந்திருக்கவேண்டும். தப்பித் தவறித் தீக்காயம் பட்டால், குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் ஓடவிட்டுப் பின் வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். மையோ, பற்பசையோ, மாவோ தடவுதல் கூடாது.

திருக்கார்த்திகை ஏழைக்கென்றே ஏற்பட்டது போன்ற பண்டிகை. அகல் விளக்கும் சிறிது எண்ணெயும் போதும். பொரியை வெல்லப் பாகில் கலந்து உருண்டை பிடித்தால் பட்சணமாயிற்று. தென் ஜில்லாக்களில் மாவும் வெல்லமும் தேங்காயும் கலந்து பனையோலையில் பொதிந்து வேகவைக்கும் கொழுக்கட்டைக்கு ஓலையின் வாசனையே அலங்காரம். பனை நிறைந்த ஊர்களில் மாவலி சுற்றும் வழக்கம் இருந்து வந்தது. ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்து, துணியில் இறுகச் சுற்றி, பிளந்த பனைமட்டையின் நடுவே வைத்துக் கட்டி, கயிற்றின் முனையில் நெருப்பிட்டுச் சுழற்றினால், பொறிகள் பூமழையாய்ச் சொரியும். கடையில் ஒரு காசு கொடுக்கவேண்டியதில்லை. தாத்தாமாருக்குத் தெரிந்த இக்கலையைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பிக்க அந்த ஒரு வாரமே தகுந்த காலம். சுழற்றுவது பெரியவராகவும், இடம் வைக்கோற்போரும் கூரையும் இல்லாத வெளியாகவும் இருத்தல் அவசியம்.

தைப் பொங்கலுக்கு வேண்டியவை பெரும்பாலும் வயலிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. கொங்கு நாட்டில் காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் குழந்தைகள் பறித்து வரலாம். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது அடியோடு விலக்கத்தக்கது. அந்தப் புகை குழந்தைகளின் மூச்சுக்குக் கேடு. வீட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்வதே அன்றைய கடமை. பொங்கலுக்கு அளவு கூறவேண்டுமானால், அரிசி ஒரு ஆழாக்கு, பாசிப்பருப்பு கால் ஆழாக்கு, பொடித்த வெல்லம் ஒன்றரை ஆழாக்கு என்று கொண்டால் ஒரு சிறு குடும்பத்துக்குப் போதும். நெய் கொஞ்சமாக இருந்தாலும் கடைசியில் விட்டால் மணம் நிற்கும். அரிசி மாக்கோலத்தைப் பெண் குழந்தைகள் மாத்திரமன்றி ஆண் குழந்தைகளும் போடலாம். எறும்புக்கு உணவு இட்டதாகவும் ஆகும். மாட்டுப் பொங்கலில் மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் தீட்டுவதும், காணும் பொங்கலில் பெரியவர்களை வணங்கி வருவதும் செலவற்றவை.

மற்ற மதத்தாருடைய பண்டிகைகளும் கிராமத்துக்குச் சொந்தமே. மூங்கில் பிளாச்சும் காகிதமும் கொண்டு செய்யும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும், வைக்கோலும் களிமண்ணும் கொண்டு அமைக்கும் குடிலும் குழந்தைகளின் கைவேலைக்கு ஏற்றவை. ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியை அண்டை அயலார் பாத்திரம் கொண்டுவந்து வாங்கிச் செல்வது தமிழ்நாட்டின் நல்ல வழக்கம். பெரிய அடுப்பு ஒன்று பல சிறிய அடுப்புகளின் வேலையைச் செய்கின்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

இனி, பொழுதில்லாத பெற்றோர் கைக்கொள்ளத்தக்க நான்கு விதிகளைச் சுருக்கிக் கூறலாம். முதலாவது, பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து செலவுத் தொகையை ஒரு காகிதத்தில் எழுதிவிடவேண்டும். எழுதியதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது. இரண்டாவது, வேலையைப் பங்கிடவேண்டும். பாத்திரம் தேய்ப்பது முதல் விளக்குத் திரி திரிப்பது வரை ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. தாயார் ஒருத்திக்கே எல்லாம் என்பது பண்டிகை ஆகாது. மூன்றாவது, ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ அன்று வேலை முறை வந்துவிட்டால் வருந்தவேண்டியதில்லை. பூஜையைப் பஞ்சாங்கப்படி நடத்தி, விருந்தை மறுநாள் மாலைக்கு வைத்துக் கொள்ளலாம். எல்லாரும் கூடி உண்ணும் வேளையே குழந்தைகளுக்கு விருந்து. நான்காவது, அன்று ஒரு மணி நேரமாவது தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் மூடிவிட்டு, பல்லாங்குழியோ, தாயமோ, விடுகதையோ, பாட்டி சொல்லும் கதையோ நடக்கவேண்டும். தூரத்திலுள்ள உறவினரோடு பேசுவதற்கு மாத்திரம் கைப்பேசி திறக்கலாம்.

முன்பு கூறிய குடித்தனத்தை மறுபடியும் நினைத்துப் பார்க்கலாம். கடன் தீரும் வரையில் ஒரு வருஷம் அவர்களுக்குச் சற்றுச் சிரமமாகவே இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொளுத்தும் வாணத்தைப் பார்த்துத் தங்கள் பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று. அப்பொழுது பொய் சொல்லாமல், “இவ்வளவுதான் இந்த வருஷம் நம்மால் ஆகும், இதை நன்றாகச் செய்வோம்” என்று சொல்லி, கார்த்திகைக்கு மாவலி செய்து தருவதாக வாக்களித்து, அந்த வாக்கைக் காப்பாற்றினால், குழந்தை புரிந்துகொள்ளும். வீட்டு நிலைமையை அறிந்து வளரும் பிள்ளை பின்னாளில் தானும் கடனில் விழாது. உண்டியல் நிறைந்து தோடு காதுக்குத் திரும்பும் நாள் எதுவோ, பஞ்சாங்கத்தில் குறிக்கப்படாவிட்டாலும், அந்த வீட்டுக்கு அதுவும் ஒரு பண்டிகையே ஆகும்.